வளைவுக்கு முன்னால்

(திண்டுக்கல்லில் நடைபெற்ற பங்காளர் கூடுகையில், எங்கள் கிராம மருத்துவ ஊழியக் குழுவின் சார்பாகக் கொடுக்கப்பட்ட செய்தி)



இந்தக் கூடுகையில் பேசும்படி எங்கள் குழுவைக் கேட்டுக்கொண்டபோது, மருத்துவமனை அலுவலகத்தில், "ஏதாவது நல்ல சாட்சி சொல்லுங்கள்" என்றார்கள். மோட்டார் சைக்கிள் வளைவில் ஏன் விழுகிறது என்பதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிரித்துவிட்டார்கள். எங்களுக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் வேறு எதைப் பேசினாலும் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதாகிவிடும். அது ஒரு பாவ அறிக்கை. பங்காளர்களாகிய உங்களிடம் செய்ய வேண்டிய அறிக்கை.

சில வருடங்களுக்கு முன் உங்கள் சபைகளில் ஒன்று எங்கள் ஊழியத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது. ஆலய வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, போதகர் ஐயா ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தார். அந்தப் படம் நம் பத்திரிகையிலும் வந்தது. அதன் பிறகு அந்த வண்டி ஆத்தூர், சித்தரேவு, கன்னிவாடிப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கட்டுப்போட்டு வந்தது. வெயிலில் நின்றது, மழையில் நின்றது. ஒரு நாள் செம்பட்டியைத் தாண்டி, குளத்துக்கரையை ஒட்டி இடதுபுறம் திரும்பும் ஒரு வளைவில் விழுந்தது.

ஓட்டியவர் எங்கள் சுகாதாரப் பணியாளர் தம்பி. பின்னால் இருந்தவர் செவிலியர் அக்கா. வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்கும். வளைவுக்குள் போனபின் வண்டி நினைத்த அளவு திரும்பவில்லை. நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. எதிரே ஒரு குட்டியானை லாரி வந்தது. தம்பி பயந்துபோய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். முன் சக்கரத்தின் கீழே சாலையோரத்து மணல். அவ்வளவுதான். லாரிக்காரர் எப்படியோ நிறுத்திவிட்டார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அக்காவுக்குக் காரை எலும்பு முறிந்தது. தம்பிக்கு முழங்காலில் பத்துத் தையல். இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், அதனால் இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த மாதப் பத்திரிகையில் ஜெபக்குறிப்புப் பகுதியில் என்ன எழுதினோம் தெரியுமா? கிராம ஊழியத்துக்குச் சத்துரு தடைகளைக் கொண்டுவருகிறான், ஊழியர்களின் பிரயாணப் பாதுகாப்புக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினோம். அதைப் படித்து உங்களில் பலர் ஜெபித்தீர்கள், கடிதமும் எழுதினீர்கள். நாங்கள் எழுதியது பொய் என்று சொல்லமாட்டோம். ஆனால் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வண்டி விழுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே தம்பி சொல்லிக்கொண்டிருந்தார்: "அக்கா, ஹேண்டில் ஒரு மாதிரி பிடிக்குது. திருப்பத்துல பின்னாடி வாலாட்டுது." நாங்கள், "பார்த்துப் போங்க தம்பி, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றோம். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் இருந்தது.

விழுந்த வண்டியைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது மெக்கானிக் அண்ணன் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, ஹேண்டிலை ஒற்றை விரலால் மெதுவாகத் திருப்பச் சொன்னார். நேராக வரும் இடத்தில் ஹேண்டில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் சிக்கி நின்றது. "கோன் செட் போச்சு. குண்டு உக்கார்ற இடத்துல குழி விழுந்திருச்சு. இது நேரா போறப்ப தெரியாது, திருப்பத்துலதான் கழுத்தப் பிடிக்கும்" என்றார். பிறகு முன் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். டொக் டொக் என்றது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினார், ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்து அதுவும் ஆடியது. கடைசியாகப் பின் டயரைக் கையால் தடவச் சொன்னார். நடுப்பகுதி சப்பாத்திக் கல்லைப்போல் தட்டையாக இருந்தது, காற்றும் பாதிதான். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. கோன் செட்டும் கூலியும் சேர்த்து அன்று அவர் வாங்கிய பணம், திண்டுக்கல்லில் ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிடும் செலவைவிடக் குறைவு.

திண்டுக்கல் பூட்டு ஊருக்கே பெருமை. பூட்டு என்றால் இறுகப் பிடிக்க வேண்டும். ஹேண்டில் கோன் அப்படியல்ல. இறுக்கினாலும் ஆபத்து, தளர்ந்தாலும் ஆபத்து. இறுகினால் வண்டி நேராகவே போகாமல் பாம்புபோல் நெளியும். தளர்ந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளையும்போதும் உதறும். இதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும்.

இந்த இடத்தில், வளைவில் வண்டிக்கு என்னதான் நடக்கிறது என்று எங்களுக்குப் புரிந்தமட்டும் சொல்கிறோம். வாலிபத் தம்பிகள் கொஞ்சம் கவனியுங்கள்.

விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் ஒரு பேராயருடைய பிள்ளைகள். சைக்கிள் கடை வைத்துப் பிழைத்தவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், சைக்கிள் ஓட்டுகிற பலரிடம், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தாராம். ஒருவராவது முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லவில்லை. உண்மையில் நாம் இடப்பக்கம் திரும்புவதற்கு முன் ஹேண்டிலை ஒரு நொடி வலப்பக்கம் திருப்புகிறோம். அப்போதுதான் வண்டி இடப்பக்கம் சாயும், சாய்ந்தபின் தானே திரும்பும். மோட்டார் சைக்கிளிலும் இதேதான். இடப்பக்கம் போக இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். நம் கை இதை அறிந்திருக்கிறது, நம் புத்தி அறியவில்லை. சாதாரண நாளில் கையே பார்த்துக்கொள்ளும். பயம் வந்துவிட்டால் கை விறைத்துப்போகும், புத்தி குறுக்கே வந்து தவறான பக்கம் இழுக்கும். எங்கள் தம்பிக்கு அன்று நடந்தது அதுதான்.

இரண்டாவது, வேகம். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவில் வெளியே தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு நெருக்கமான வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சுமார் 12 டிகிரி சாய்ந்தால் போதும். 30-ல் 25 டிகிரி சாய வேண்டும். 40-ல் 40 டிகிரி. காய்ந்த நல்ல தார்ச்சாலையில்தான் அவ்வளவு பிடிப்புக் கிடைக்கும். மணலிலும் ஈரத்திலும் கிடைக்கவே கிடைக்காது. 30-க்கும் 40-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நமக்குத் தோன்றும். நேர் சாலையில் பெரிய வித்தியாசம் இல்லைதான்.

மூன்றாவது, பிரேக். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாத வருமானம் மாதிரி. திரும்புவதற்கும் அதிலிருந்துதான் செலவு, நிறுத்துவதற்கும் அதிலிருந்துதான் செலவு. வளைவில் எல்லாவற்றையும் திரும்புவதற்கே செலவழித்துக்கொண்டிருக்கும்போது பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தால் கடன்தான். சக்கரம் வழுக்கும், அல்லது சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்துகொண்டு வளைவை விட்டு வெளியே ஓடும். 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும், நல்லதுதான். ஆனால் மணலில் இல்லாத பிடிப்பை அது உண்டாக்கித் தராது. ஆகவே வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கியரையும் அங்கேயே இறக்கிவிட வேண்டும். உள்ளே போனபின் ஆக்ஸிலேட்டரைச் சீராக வைத்துக்கொண்டு, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். எதிரே வரும் லாரியையே பார்த்தால் லாரியிடம்தான் போவோம்.

நம் நாட்டில் இடப்பக்கம் போகிறோம் அல்லவா. ஆகையால் இடதுபக்க வளைவில் வெளியே இழுத்துக்கொண்டு போனால் எதிர் வண்டியின்மேல் போவோம். வலதுபக்க வளைவில் இழுத்துக்கொண்டு போனால் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்திலோ கிணற்றிலோ புளியமரத்திலோ போய் நிற்போம். இரண்டு விதமான ஆட்களும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள்.

திண்டுக்கல் சமவெளியில் வளைவு ஏது, வளைவெல்லாம் சிறுமலையிலும் கொடைக்கானல் மலைப்பாதையிலும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நத்தம் சாலையிலிருந்து பிரிந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் பயந்து மெதுவாகப் போகிறார்கள். சமவெளி வளைவு அறிவிப்பு இல்லாமல் வரும். குளத்துக்கரையைச் சுற்றிக்கொண்டு போகும், தென்னந்தோப்பு மறைக்கும், நாலு கிலோமீட்டர் நேராக வந்த களைப்பில் நாம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்போம். அறுவடைக் காலத்தில் சோளத் தட்டையையும் கொள்ளையும் சாலையிலேயே பரப்பி, போகிற வண்டிகள் மிதிக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். அதன்மேல் சாய்ந்து திரும்பினால் பலகையில் கடுகைக் கொட்டி அதில் நடந்த கதைதான். ஐப்பசி, கார்த்திகையில் டிராக்டர் சக்கரத்துச் சேறு. தண்ணீர் லாரி சிந்திக்கொண்டே போன ஈரம். தை மாதத்தில் பழனி சாலை முழுவதும் பாதயாத்திரைக்காரர்கள் இரவும் பகலும் நடப்பார்கள். வளைவைத் தாண்டியவுடன் எதிரே ஒரு கூட்டமே வரும். அவர்கள் மேல் குற்றம் இல்லை, சாலை அவர்களுக்கும் சொந்தம்.

இன்னொன்று. சமவெளி வண்டிகளின் டயர் நேர் சாலையில் ஓடி ஓடி நடுவில் மட்டும் தேய்கிறது. புது டயர் தேங்காய் மூடிபோல் உருண்டையாக இருக்கும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரேபோல் தரையைத் தொடும். நடுவில் தட்டையானபின், சாய்க்கும்போது அந்தத் தட்டையின் விளிம்பில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஓட்டுபவருக்கு வண்டி முதலில் சாய மறுப்பதுபோலவும், பிறகு திடீரென்று விழுவதுபோலவும் தோன்றும். வாரம் முழுவதும் வேடசந்தூர் மில்லுக்கு நேராகப் போய் வந்த அதே டயரில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சிறுமலைக்குக் கிளம்புகிற வாலிபர்களைப் பார்த்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சிறுமலையில் வாழைத்தாரையும் எலுமிச்சையையும் குதிரைமேல் ஏற்றிக் கொண்டுவருவார்கள். அந்தக் குதிரைக்காரர் மூட்டை கட்டும்போது நின்று பார்த்திருக்கிறோம். இருபுறமும் கையால் தூக்கிப் பார்த்து, ஒருபக்கம் கனமாக இருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். குதிரை வாய் பேசாது, ஆனால் சரிவில் காட்டிக்கொடுத்துவிடும் என்றார் ஒருவர். எங்கள் வண்டியில் மருந்துப் பெட்டி எப்போதும் இடப்பக்கம் மட்டுமே தொங்கியது. செவிலியர் அக்கா சேலையில் ஒரு பக்கமாக, அதுவும் இடப்பக்கமாக உட்காருவார். எல்லா எடையும் ஒரே பக்கம். இதை யாரும் யோசிக்கவில்லை. இப்போது பெட்டி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் தாழ்வாக வருகிறது. அக்காவுக்குச் சுடிதார் தைத்துக் கொடுத்தோம், இருபுறமும் கால் போட்டு உட்காருகிறார். முதலில் ஊரில் என்ன சொல்வார்களோ என்று தயங்கினார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தாய்மார்கள் சேலையில்தான் உட்கார்வீர்கள் என்றால், முந்தானையை மடியில் சொருகிக்கொள்ளுங்கள். சேலைத் தடுப்பு அழகாயில்லை என்று பையன் கழற்றிவிட்டால் அதில் ஏறாதீர்கள். வளைவில் வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாய வேண்டாம். ஓட்டுபவரைப் பிடித்துக்கொண்டு, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தத் தோள்மேலாகப் பாருங்கள். உடம்பு தானாக வண்டியோடு போகும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஹாரி ஹர்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, விபத்து நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்தார்கள். வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானே விழுந்தவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுபவருடைய பிழை. அந்தப் பிழையும் பெரும்பாலும் இரண்டே வகை: பிரேக்கை மிஞ்சிப் பிடித்து வழுக்கியது, அல்லது அதிக வேகத்தில் போய் வளைவில் வெளியே ஓடியது. ஓட்டுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முறையாகக் கற்றவர்கள் அல்லர், தானாகவோ, வீட்டார் நண்பர்களிடமோ பழகியவர்கள். நம் ஊரில் கேட்டாலும் இதைவிடக் குறையாது. அதே அறிக்கை, வண்டிக் கோளாறினால் நடந்தவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு என்றும், அவற்றில் பெரும்பாலானவை காற்றுப்போன டயர் என்றும் சொல்கிறது.

அப்படியானால் கோன் செட்டைக் குறைசொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்கிறோமா என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்குள்ளும் இந்தக் கேள்வி வந்தது. தம்பி வேகமாகத்தான் போனார், தப்பான இடத்தில்தான் பிரேக் பிடித்தார். அவரே அதை ஒத்துக்கொள்கிறார். ஆனால் நல்ல வண்டி ஒரு மனுஷனுடைய சிறு தவறை மன்னிக்கும். பழுதான வண்டி மன்னிக்காது. சரியான டயரும் சரியான ஹேண்டிலும் இருந்திருந்தால் அந்த வளைவில் இன்னும் கொஞ்சம் சாய்த்து அவர் பிழைத்துப் போயிருக்கலாம். அந்தக் கொஞ்சத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

ஹெல்மெட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒரு செய்தி மட்டும். 1935-ல் இங்கிலாந்தில், அரேபியாவின் லாரன்ஸ் என்று பேர்பெற்ற லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தவிர்க்க மோட்டார் சைக்கிளைத் திருப்பி விழுந்தார். தலையில் அடி, ஆறு நாளில் இறந்துபோனார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற இளம் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர். அவர் அதை மறக்கவில்லை. படைவீரர்கள் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் சாவதை ஆராய்ந்து 1941-ல் எழுதினார். அதே வருடம் பிரிட்டிஷ் ராணுவம் தன் தூதுவர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நாம் இன்று போடுகிற ஹெல்மெட்டின் பின்னால் ஒரு டாக்டருடைய துக்கம் இருக்கிறது. வார் மாட்டாமல் தலையில் வைத்துக்கொண்டு போனால் அது விழுகிற முதல் நொடியிலேயே கழன்று போய்விடும்.

பங்காளர்களே, இப்போது எங்களுக்குக் கஷ்டமான பகுதிக்கு வருகிறோம்.

அன்று அந்த வண்டி போய்க்கொண்டிருந்தது ஒரு தென்னை ஏறும் தொழிலாளியின் வீட்டுக்கு. மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் நாலு வருடமாகப் படுக்கையில் இருப்பவர். படுக்கைப்புண் இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை கட்டுப்போட்டு, மாதக்கணக்கில் பாடுபட்டு, புண் மூடிக்கொண்டு வந்தது. விபத்துக்குப் பின் 17 நாள் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. செவிலியர் அக்கா கையைத் தூக்க முடியாமல் இருந்தார், வண்டி பட்டறையில் இருந்தது, மற்ற வண்டிகளுக்கு அவரவர் கிராமம் இருந்தது. நாங்கள் போனபோது புண் மறுபடி விரிந்து எலும்புவரை போயிருந்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்திருந்தோம். அவருடைய மனைவி எங்களைக் குறைசொல்லவில்லை. "அன்னிக்கு நீங்க வருவீங்கன்னு சுடுதண்ணி வச்சிருந்தேன் சிஸ்டர். மூணு தடவ சூடு பண்ணேன்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை கொடுக்கிற திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது. அதனால் எத்தனையோ குடும்பங்கள் தப்பின. உங்கள் காணிக்கை அந்த முதல் இரண்டு நாளுக்குப் பின்வரும் மாதங்களுக்குப் போகிறது. கட்டுக்கும், தண்ணீர்ப் படுக்கைக்கும், நடக்கப் பழக்குவதற்கும். அந்தக் கணக்கையெல்லாம் ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு அச்சிட்டு அனுப்புகிறோம். மருந்து, உணவு, சம்பளம், கட்டடம், புது வண்டி என்று தலைப்புகள் இருக்கும். பழைய வண்டியைப் பழுது பார்ப்பது என்று ஒரு தலைப்பு அதில் இருந்ததேயில்லை. ஏன்? நாங்கள் கேட்கவில்லை. புது வண்டி கேட்டால் சபைகள் சந்தோஷமாகக் கொடுக்கும், படம் எடுக்கலாம், மாலை போடலாம். கோன் செட்டுக்கு மாலை போட முடியாது. காணிக்கைப் பணத்தில் டயர் வாங்கினோம் என்று எழுதினால் உங்களுக்கு உற்சாகம் குறைந்துவிடுமோ என்று பயந்தோம். உங்களை நாங்கள் அவ்வளவு சிறியவர்களாக நினைத்துவிட்டோம். அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம்.

உபாகமம் 22-ம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒருவன் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல் வரும். விழுந்தவன் பார்த்து நடந்திருக்கலாமே என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்தப் பகுதியை எங்கள் காலை ஜெபத்தில் வாசித்த அன்று, தம்பி கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். வாசித்தவருக்குக் குரல் அடைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் ஒரு வண்டியும் வெளியே போகாது. டயர் சூடாவதற்கு முன் காற்று அளக்கிறோம். தனியாகப் போனால் எவ்வளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று வண்டியிலேயோ புத்தகத்திலேயோ கம்பெனிக்காரர்கள் போட்டிருக்கிறார்கள். பங்க்சர் கடையில் கட்டையால் தட்டிப் பார்த்து, "போதும்ணே" என்பதை நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. ஹேண்டிலை ஒற்றை விரலால் திருப்புகிறோம். ஃபோர்க்கை அசைக்கிறோம், பின் சக்கரத்தை ஆட்டுகிறோம், ஸ்போக்ஸ் கம்பிகளைத் தட்டிச் சத்தம் கேட்கிறோம், செயின் தொய்வு பார்க்கிறோம். ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷம். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்குகிறது. ஓட்டுபவர் தனக்குத் தோன்றியதை எழுத வேண்டும். எழுதிய குறையைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியை எடுக்கமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதை விசுவாசக்குறைவு என்று யாரும் பேசக்கூடாது என்று மருத்துவமனைக் கமிட்டியிலேயே தீர்மானம் எழுதி வாங்கியிருக்கிறோம். முதல் மாதம் அந்த உரிமையை உபயோகித்தவர் அதே தம்பிதான். அன்று இரண்டு வீடுகளுக்குப் பஸ்ஸில் போனோம், மூன்றாவது வீட்டுக்குப் போக முடியவில்லை. அது எங்களுக்கு இன்னும் மனவருத்தம்தான், ஆனால் நோட்டை அவிழ்த்துவிடவில்லை.

19-ம் நூற்றாண்டில் இந்தத் திண்டுக்கல்லில் மருந்தகம் நடத்திய டாக்டர் எட்வர்ட் செஸ்டரையும், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த மற்ற மிஷனரிமாரையும் நாம் நன்றியோடு நினைக்கிறோம். அந்த நாட்களில் கிராமத்துக்கு மாட்டுவண்டிதான். மாடு வளைவைக் கண்டால் தானே நிதானித்துக்கொள்ளும். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

இந்த வருடக் கணக்கில் "வண்டிப் பராமரிப்பு" என்று ஒரு புதுத் தலைப்பு வரும். தொகை சிறியதுதான். படம் இருக்காது. படிக்கும்போது அந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள் என்று மட்டும் கேட்கிறோம். அதற்கென்று கொடுக்க மனமுள்ளவர்கள் காணிக்கை உறையின்மேல் அப்படியே எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. நாங்கள் சொன்ன அந்த மெக்கானிக் அண்ணன் இன்று பம்பும் காற்று அளக்கும் கருவியும் கொண்டுவந்து, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். பணம் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்குப் போகிறதற்கு முன், வண்டியில் வந்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் இரண்டு மணிக்குக் கடை திறக்கப் போக வேண்டும். போதகர் ஐயா, உங்கள் ஸ்கூட்டரை நாங்கள் காலையிலேயே பார்த்துவிட்டோம். பின் டயர் மாற்ற வேண்டும்.